ராணிக்குப் பொருந்தாத நடை

மார்ச் 4

வாலு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். ஆக வேண்டியது எனக்குப் போன வருஷமே ஆகிவிட்டது, அது உனக்கும் தெரியும்.

ஒன்றரை வருஷமாக உன்னோடு பேசாமல் இருந்துவிட்டு இப்போது நானாக எழுதுகிறேன் என்றால் காரியம் இல்லாமல் இல்லை. போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் ஒன்று திட்டுவேன், இல்லாவிட்டால் அழுவேன். இரண்டுக்கும் இப்போது தெம்பில்லை. மடியில் பலகை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மடி இருப்பதே பலகையைப் பார்த்தால்தான் தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வாரத்தில் சில நாள் இங்கே ஒரு பிசியோ பெண் வருகிறாள். கறாரானவள். "அழறதா இருந்தா நான் போனப்புறம் அழுங்க, இப்ப இது என் நேரம்" என்பாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவள் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, நடப்பதாக நினைத்துப் பார்க்க வேண்டும். சும்மா நினைத்தால் போதாது. குதிகால் எப்படித் தரையில் படுகிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, கை எப்படி வீசுகிறது எல்லாவற்றையும் உள்ளுக்குள் பார்க்க வேண்டும். காலுக்குப் போகிற நரம்பில் ஏதாவது ஓர் இழை மிச்சமிருந்தால் அதற்கு இது ஞாபகப்படுத்துமாம். இடது கால் கட்டைவிரலில் துளி உணர்ச்சி இருக்கிறது என்கிறார் டாக்டர். ரொம்ப நம்ப வேண்டாம் என்பதையும் அவரே சொல்கிறார்.

நான் கண்ணை மூடுகிறேன் வாலு. அவள் நடக்கிறாள்.

உன் ராணி. உங்கள் வீடியோ கேமில் வருகிறாளே, எரிமலை நாட்டு ராணி, கவசம் என்ற பெயரில் மார்பில் இரண்டு கிண்ணமும் இடுப்பில் ஒரு சங்கிலியும் மாட்டிக்கொண்டு போருக்குப் போகிறவள். இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு என்று இடுப்பை ஆட்டிக்கொண்டு நடக்கிறாள். என் நடையை வாங்கி அப்படித் திருகி வைத்துவிட்டீர்களே என்ற ஆத்திரத்தில் அந்த டிரெய்லரை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேனோ. ஒவ்வொரு தடவையும் உன்னைத் திட்டுவதற்காகத்தான் பார்த்தேன். இப்போது அது உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. என் நடையை நினைக்கப்போனால் அவள் நடைதான் வருகிறது.

நான் எப்படி நடப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. சிரிக்காதே. தான் நடப்பதை யார் பார்த்திருக்கிறார்கள்? உன் அண்ணனிடம் கேட்டேன். "எல்லாரும் நடக்கிற மாதிரிதான் நடப்ப. இப்ப எதுக்கு அது?" என்று எழுந்து போய்விட்டார். வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். கல்யாண வீடியோவில் யாரோ என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். போனில் இருப்பதெல்லாம் நான் எடுத்தது, அதில் நான் இல்லை. நடித்த சினிமாக்களில், நடித்த என்று சொல்லக் கூடாது, கதாநாயகிகளுக்குப் பதிலாக அடிபட்ட சினிமாக்களில், நான் விழுகிறேன், உருள்கிறேன், கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறேன். ஒன்றில்கூட நடக்கவில்லை. நடக்கிற கட்டம் வந்தால் கதாநாயகியே நடந்துவிடுவாள்.

உங்கள் ஸ்டுடியோவில்தான் ஒரு நாள் பூராவும் நடந்தேன். நாத்தனார் கூப்பிட்டாளே என்று வந்து, அந்தக் கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு, கேமரா என் அசைவைப் பிடிப்பதற்காக உடம்பெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைக் குண்டு ஒட்டிக்கொண்டு நடந்தேன். அந்தப் பதிவு உன்னிடம் இருக்கும். திருகுவதற்கு முந்தின பதிவு. அதை எனக்கு அனுப்பு. வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

தபால் பெட்டியில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, பிரிக்கத் தைரியம் வராமல் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். துடைப்பத்தோடு ஏறி வந்த துப்புரவு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, யாராவது தவறிட்டாங்களா?" என்றார். "இல்லம்மா, எங்க அண்ணி பேசிட்டாங்க" என்றேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் விழுந்த செய்தி கேட்டு நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வந்தேன் அண்ணி. கிடைத்த முதல் பஸ்ஸில் வந்தேன். அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மறித்து, "தூங்கறா, இன்னொரு நாள் வா" என்றான். உள்ளே நீங்கள் தலையணை சரியில்லை என்று நர்ஸோடு சண்டை போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவனுக்குப் பொய் சொல்ல வராது, பாவம். நானும் நம்பினதாகத் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பதிவைத் தேடித் தருகிறேன். இங்கே பதிவுகளெல்லாம் எண் போட்டு வைத்திருப்பார்கள், பெயர் இருக்காது. கொஞ்சம் நாள் கொடுங்கள்.

ஆனால் ஒரு வார்த்தை. "உன் ராணி" என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் என் ராணி இல்லை. அந்தக் கவசத்தை நான் வரையவில்லை. அவள் மார்பு குலுங்குவதற்கென்றே இங்கே ஒருத்தர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்தார். கெட்டவர் என்று நினைக்காதீர்கள், தினம் மத்தியானம் மனைவிக்குப் போன் போட்டு "சாப்டியா?" என்று கேட்காமல் தான் சாப்பிட மாட்டார். அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். ஒவ்வொரு கூட்டத்திலும் "உங்களுக்கு இது ஓகேதானே?" என்று என்னைக் கேட்பார்கள். ஓகே இல்லை என்று சொன்னால் அன்றைக்கு முழுக்க யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து பேச மாட்டார்கள். முதலில் சொன்னேன். அப்புறம் எதற்குச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று பொறுக்க ஆரம்பித்தேன். அப்புறம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், வங்கியில் வேலை. தன் போட்டோவுக்குப் பதிலாக ராணியின் படத்தைத்தான் வைத்திருக்கிறாள். "அவ உடம்பப் பத்தி அவளுக்கு வெக்கமே இல்ல பாருங்க, எனக்கு அது புடிச்சிருக்கு" என்கிறாள். நான் அவளுக்கு என்ன பதில் சொல்வது? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

வலி எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

வாலு


மார்ச் 24

வாலு,

ஆஸ்பத்திரிக்கு நீ வந்தது எனக்குத் தெரியும். உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? உள்ளே விடாதீர்கள் என்று சொன்னது நான்தான், உன் அண்ணன்மேல் பழி போடாதே.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வெட்கமில்லாத உடம்பு பிடித்திருக்கிறது என்றால் எனக்கும் அது பிடித்ததுதான். நான் என்ன போர்த்திக்கொண்டு திரிந்தவளா? உடம்பை வைத்துத்தானே பிழைத்தேன். அவளிடம் ஒன்று கேட்டுப் பார். அந்தக் கேம் பூராவும் எல்லோரும் ராணியைப் பார்க்கிறார்கள். அரசர்கள், அரக்கர்கள், விளையாடுகிறவன், கேமரா எல்லாம் பார்க்கிறது. அவள் யாரையாவது பார்க்கிறாளா? அவளுக்கு யார்மேலாவது ஓர் ஆசை உண்டா? நெட்டில் போட்டிருக்கிற கதைக் காட்சிகளிலெல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. ஆசையே இல்லாத ஒருத்தியை எல்லோருக்கும் ஆசை காட்டுவதற்கு நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அந்தக் கண்ணில் ஒரு மனுஷி இல்லை. அதுதான் என் கோபம், கிண்ணமும் சங்கிலியும் அப்புறம்தான்.

அன்றைக்கு ஸ்டுடியோவில் உங்கள் தொப்பிக்காரர், அதுதான் உங்கள் இயக்குநர், என்னிடம் என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? நான் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நடந்தேன். "நல்லாருக்கு. ஆனா கொஞ்சம் பொம்பள மாதிரி நடங்க" என்றார். மறுபடி நடந்தேன். "இல்லைங்க, பொம்பள மாதிரி." நான் கேட்டேன், "சார், நான் பொறந்ததுலேருந்து பொம்பளதான், வேற எப்படி நடக்கணும்?" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் உன்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் சத்தம் எடுத்தார்கள். ராணி தோற்றால் மண்டியிட்டு விழுவாளே, அதற்கு. அடிபட்டால் எப்படிக் கத்துவார்களோ அப்படிக் கத்தினேன். அந்தத் தொழில் எனக்கு நன்றாகவே தெரியும். "கொஞ்சம் மென்மையா, மூச்சு அதிகமா" என்றார். சாகிறவளுக்கு என்ன மென்மை என்று கேட்க வந்து, உனக்காக வாயை மூடிக்கொண்டேன். அவர் கேட்டதைக் கொடுத்தேன். அவர் எதைக் கேட்டார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். நீ கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

போன வருஷம் படப்பிடிப்பில் கம்பி அறுந்து நிஜமாகவே விழுந்தபோது என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது மாட்டின் சத்தம். அதை நான் மறக்கவே மாட்டேன்.

வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாய். இடுப்புக்குக் கீழே வலி இல்லை. இருந்தால் கொண்டாடுவேன். வேறொன்றுதான் வலிக்கிறது, அதை உனக்கு எழுதக் கூடாது, நீ அவருக்குத் தங்கை. ஆனால் வேறு யாருக்கு எழுதுவேன்? உன் அண்ணன் என்னைக் குளிப்பாட்டுகிறார், துடைக்கிறார், தூக்கி உட்கார வைக்கிறார். எல்லாம் செய்கிறார். தொடுவதில்லை. பாத்திரத்தைக் கழுவி அடுக்குகிற மாதிரி ஜாக்கிரதையாகச் செய்துவிட்டுப் போய் நடுக்கூடத்தில் படுத்துக்கொள்கிறார். எனக்குக் கால்தான் போயிற்று. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது என்று ஒரு பெண் தன் வாயால் எப்படிச் சொல்வாள்?

படித்துவிட்டு இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு. பதிவை அனுப்பு.

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதிவு இல்லை. நீங்கள் நடந்த நாளின் பதிவுகள் இருந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை. கேம் வெளியானதும் பழையதையெல்லாம் அழித்துவிடுவார்கள், இடத்தை அடைக்கும் என்று. எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்களே, நடந்துகொண்டு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைப் போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ராணியின் நடை உங்களுடையது இல்லை அண்ணி. நான் உங்கள் நடையைத் திருகவில்லை. திருகிப் பார்த்தோம், வரவில்லை. இடுப்பை எவ்வளவு ஆட்டிவிட்டாலும் மேலே தோள் வேலைக்குப் போகிற அவசரத்திலேயே இருந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு இயக்குநர் "இது ராணிக்குப் பொருந்தாது" என்றார். வேறொரு பெண்ணைக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னார்கள். "எதுக்கு? என்ன வேணும்னு எனக்குத்தானே தெரியும்" என்று தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அவரே அந்தக் கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டார்.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தொந்தி தனியாகத் தெரிகிறது. ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாதத்தை ஒன்றன்முன் ஒன்றாக வைத்து, அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரை வந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் நான் குனிந்துகொண்டேன். கேமராக்கள் உடம்பைப் பார்ப்பதில்லையே, குண்டுகளை மட்டும்தானே பார்க்கும். அந்த அசைவை எடுத்து ராணியின் உடம்புக்குள் ஊற்றியதும் திரையில் அவர் மறைந்து அவள் நடந்து வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

விழுவது, சண்டை, குதிரையேற்றம் எல்லாம் நீங்கள். நடை மட்டும் அவர். டிரெய்லர் வந்த அன்று நீங்கள் போனில் கத்தியபோது இதைச் சொல்ல வந்தேன். "உங்கள் நடை வேண்டாம் என்றார்கள்" என்று சொல்வதைவிட, திட்டு வாங்கிக்கொள்வது மேல் என்று அப்போது தோன்றியது.

உங்கள் மூன்றாம் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ஆனால் படித்தது போகாது. அவன் பயந்தவன் அண்ணி. சின்ன வயதில் எனக்குக் கை முறிந்தபோது, கட்டு பிரித்த பிறகும் ரொம்ப நாள் என் கையைப் பிடித்துத் தெரு தாண்ட மாட்டான், உடைந்துவிடும் என்று. சட்டைக் காலரைத்தான் பிடிப்பான். நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவனாகப் புரிந்துகொள்ள மாட்டான்.

வாலு


ஏப்ரல் 13

வாலு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிசியோ பெண் வந்து நிற்கிறாள், எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அப்படியானால் இத்தனை நாளாக என் கண்ணுக்குள் நடந்துகொண்டிருப்பது அந்தத் தொப்பிக்காரரா! ஒரு பெண் எப்படி நடப்பாள் என்று ஓர் ஆம்பளை நினைத்துக்கொண்டு நடந்து, அதை ஊரிலுள்ள பொடியன்களெல்லாம் பார்த்து வாயைப் பிளந்து, நான் அதை என் நடை என்று நினைத்து உன்னோடு சண்டை போட்டு, கடைசியில் என் செத்த காலுக்கு அவர் நடையைப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிசியோ பெண், "என்னாச்சு, சொன்னா நானும் சிரிப்பேன்ல" என்றாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம் அவள் நேரத்திலேயே அழுதேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை.

என்னைக் கெடுத்துவிட்டீர்கள் என்றுதான் இவ்வளவு நாள் கோபம். கெடுக்கக்கூட இல்லை, வேண்டாம் என்று வழித்துப் போட்டுவிட்டீர்கள். அதற்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

கண்ணை மூடுகிற பயிற்சி இனி வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நீயும் இதோடு விட்டுவிடு. தேடாதே, எழுதவும் வேண்டாம். உன்மேல் கோபம் இல்லை, களைப்பாக இருக்கிறது.

அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். நான் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறேன்? வாலு என்று பெயர் வைத்தது நீங்கள்தானே.

உங்களைக் கண்டுபிடித்துவிட்டேன் அண்ணி.

நாங்கள் செய்த கேமை நான் வீட்டில் ஒரு தடவைகூட விளையாடியதில்லை. சமையல்காரர் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காத மாதிரிதான். உங்கள் கடிதம் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆரம்பித்தேன். நீங்கள் விழுகிற இடங்களையாவது பார்க்கலாம் என்று. முதல் நகரத்துக்குள் போக வேண்டும். வடக்கு வாசலில் ஒரு காவலாளி, கோட்டைச் சுவர் ஓரமாக அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தான். தாடி, தலைக்கவசம், கையில் ஈட்டி. பெயரில்லாதவன். அவனை வெட்டிவிட்டு உள்ளே போக வேண்டும் என்பதுதான் கதை.

எனக்குக் கை ஓடவில்லை. அவன் இடது தோள் முன்னால் போகிறது. குதிகாலைத் தரையில் நங்கென்று வைக்கிறான். சுவர் முடிகிற இடத்தில் திரும்புவதற்கு முன்னால் ஒரு நொடி நின்று, தரையைப் பார்க்கிறான். மெத்தை போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் விழுவீர்களே, அந்தப் பழக்கத்தில் வீட்டில் அடுக்களைக்குள் திரும்பும்போதுகூட உங்களுக்குக் கண் தரைக்குப் போய்வரும். அதே பார்வை.

திங்கட்கிழமை ஸ்டுடியோவில் மேல்மாடிக்குப் போய் விசாரித்தேன். ராணிக்கு ஆகாத அசைவுகளை எங்கள் மாடியில் அழித்துவிடுகிறோம். ஆனால் அழிப்பதற்கு முன்னால் மேல்மாடிக்காரர்கள் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வார்களாம், கூட்டத்துக்கு: பெயரில்லாத சிப்பாய்கள், சந்தைக்காரர்கள், பிணம் தூக்குகிறவர்கள். எனக்கு இது தெரியாது. அங்கே உள்ளவரும் அது யாருடைய நடை என்று அறிய மாட்டார். "வலது கை வீசாம இருந்துச்சு, ஈட்டி புடிக்க வசதியா இருந்துச்சு, அதான் எடுத்தேன். ஒண்ணுமே மாத்தல, ஆம்பளைக்குக் கரெக்டா பொருந்துச்சு" என்றார். விளையாடுகிறவர்கள் எழுதுகிற இடத்தில் ஒருத்தர் எழுதியிருக்கிறார், இந்தக் கேமில் நிஜ மனிதர்கள் மாதிரி இருப்பது காவலாளிகள் மட்டும்தான் என்று.

வீடியோ எடுத்து அனுப்பியிருக்கலாம். அதில் ஒரு பக்கம்தான் தெரியும். கேமையும் அதை டிவியில் போடுகிற பெட்டியையும் அப்படியே அனுப்புகிறேன். சுற்றி வந்து முன்னால், பின்னால், மேலிருந்து எல்லாப் பக்கமும் பார்க்கலாம். ராணியை வைத்துத்தான் அங்கே போக வேண்டும், வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு வெளியே ஒரு வைக்கோல் வண்டி நிற்கும், அவளை அதன் பின்னால் நிறுத்திவிடுங்கள். அவன் கண்ணில் பட்டால் ஈட்டியோடு ஓடி வருவான். நகரத்துக்குள் போய்விடாதீர்கள். உள்ளே போனால் கதைப்படி கோட்டை எரிந்துவிடும், அப்புறம் அவனைப் பார்க்க முடியாது.

வாலு


மே 19

வாலு,

நீ முதலில் எதைக் கேட்பாய் என்று தெரியும், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். விரல் அசையவில்லை. டாக்டர் நேற்று ஊசியால் குத்திப் பார்த்தார். முன்பிருந்த அந்தத் துளி உணர்ச்சியும் இப்போது இல்லையாம். இனி காத்திருக்க வேண்டாம் என்றார். நல்ல மனிதர், என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அழுதேன். வேறென்ன செய்வேன்?

ஆனால் பயிற்சியை விடவில்லை. பிசியோ பெண்ணுக்கு ஆச்சரியம். "இனிமே இது எதுக்குங்க?" என்றாள். கண்ணை மூடினால் இப்போது நான்தான் நடக்கிறேன். கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வருகிறேனே, அதில் உனக்கென்ன நஷ்டம் என்றேன்.

பெட்டி வந்த அன்று கைதவறி ராணியை வைக்கோல் வண்டி மறைவுக்கு வெளியே விட்டுவிட்டேன். காவலாளி பார்த்துவிட்டான், ஓடி வந்தான். எந்தப் பொத்தானை அழுத்தினால் வெட்டலாம் என்று எனக்குத் தெரியும். அழுத்தவில்லை. அவள் மண்டியிட்டாள், நான் கொடுத்த அந்தச் சத்தத்தைப் போட்டாள், கேமரா போகக் கூடாத இடமெல்லாம் போயிற்று. அவன் எதையும் பார்க்கவில்லை. ஈட்டியைச் சாய்த்துக்கொண்டு சுவர் ஓரத்துக்கே திரும்பிப் போனான். எனக்கு அவன்மேல் மரியாதை வந்துவிட்டது.

அப்புறம் ராணியை ஒழுங்காக வண்டிக்குப் பின்னால் நிறுத்தப் பழகிக்கொண்டேன். தினமும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன். இவ்வளவு வேகமாகவா நடந்தேன் வாலு? எங்கே போவதற்கு? எதிரில் ஒரு கூட்டம் நிற்கிற மாதிரியும் அதைப் பிளந்துகொண்டு போகிற மாதிரியும். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் யாரையும் கேட்காமல் நடக்கிற நடை. எனக்குப் பிடித்திருக்கிறது. இருந்தபோது ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. அந்த அறையில் நீ கைதட்டியது இன்னும் உறுத்துகிறது. ஆனால் மேல்மாடி வரை ஏறிப்போய்க் கேட்டாயே, அதையும் நினைத்துக்கொள்கிறேன். வா. வராந்தாவில் யாரும் மறிக்க மாட்டார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. உன் அண்ணனிடம் நான் எதையும் சொல்லவில்லை. பொழுதுபோகாமல் வாலு அனுப்பின விளையாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். நேற்று டாக்டர் வீட்டிலிருந்து வந்து, என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் பெட்டியைப் போட்டேன். காவலாளி நடந்துகொண்டிருந்தான். உன் அண்ணன் முதலில் சும்மா பார்த்தார். அப்புறம் முன்னால் குனிந்தார். அவன் சுவர் முடிகிற இடத்துக்குப் போய், நின்று, தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"இது யாரு?" என்றார். அவன் மறுபடி இந்தப் பக்கம் வந்தான்.

கடைத்தெருவுக்குப் போனால் எனக்குப் பின்னாலேயே ஓடி வருவாரே, இரண்டு கையிலும் பையோடு, ஞாபகம் இருக்கிறதா? கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அதே குரலில், அந்தத் தாடிக்காரச் சிப்பாயைப் பார்த்துச் சொன்னார்:

"மெதுவாப் போடி. எப்பப் பாரு என்ன அவசரம்? நான் வர வேண்டாமா?"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் திரையை அணைக்கவில்லை. அவன் போய்ப் போய் வந்துகொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்துக் குனிந்து பார்த்தேன். அவருடைய இன்னொரு கை என் தொடைமேல் இருந்தது, இறுகப் பிடித்தபடி. எப்போது வைத்தார் என்று எனக்குத் தெரியாது.

அண்ணி